எங்கள் வீட்டுக்கு வந்துபோன தம்பி

எனக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு அண்ணன்தான். தம்பி கிடையாது. ஆனாலும் ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் தம்பி என்ற பேச்சு ஓயவில்லை. "தம்பி வந்துட்டானா?", "தம்பி போயிட்டானா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். படிப்பு வராமல் நிற்கவில்லை. எங்கள் வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நானும் இன்னொருத்தியும்தான் உட்கார முடியும். அவளும் ஒருநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்தேன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே மவுத்தாகிவிட்டார். அண்ணன் வளர்ந்ததும் சவுதிக்குப் போய்விட்டான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். இருபத்திரண்டு வயதில் நான் நூற்று முப்பத்து நான்கு கிலோ இருந்தேன்.

எங்கள் ஆட்கள் வீட்டு விருந்தில் சாப்பாடு சஹனில்தான். சஹன் என்றால் பெரிய தட்டு. அதில் சோற்றைக் குவித்து மேலே கறியை வைத்துவிடுவார்கள். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். என்னோடு உட்கார ஒருத்திக்கும் பிடிக்காது. "அவ கூட உக்காந்தா நமக்கு எலும்புதாம்ட்டி" என்று ஒரு கல்யாணத்தில் ஒருத்தி சொன்னாள். அது எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் அம்மா என் பக்கத்தில்தான் உட்காருவாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தன் பக்கத்துக் கறியை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிடுவாள். யாரும் பார்க்க மாட்டார்கள். நான் பார்ப்பேன். பார்த்துவிட்டும் சாப்பிடுவேன்.

எனக்குச் சர்க்கரை வந்தது. அம்மாவுக்கு அது ரொம்ப வருஷமாக இருந்தது. அண்ணன்தான் சவுதியிலிருந்து யார் யாரிடமோ விசாரித்து, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தான். வயிற்றின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு பையைப் பிரித்து, குடலைத் தூக்கி அதில் இணைத்துவிடுவார்கள். மீதி வயிறு உள்ளே சும்மா கிடக்கும். டாக்டர் படம் வரைந்து காட்டினார். அம்மா அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, சாப்பாடு பற்றிச் சொல்ல ஒரு பெண் வந்தது. எந்த மாதம் என்ன சாப்பிடலாம், எத்தனை ஸ்பூன், தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்கவே கூடாது என்று வரிசையாகச் சொன்னது. கடைசியில், "இனிப்பு சாப்பிட்டாலோ வேகமா சாப்பிட்டாலோ டம்பிங் வரும். வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், வயித்தைப் புரட்டும். பயப்படக் கூடாது. படுத்துக்கிட்டா அரை மணி நேரத்துல போயிடும்" என்றது.

அம்மா கவனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "இவளுக்குத் தம்பியே கெடையாதும்மா. அப்புடியே எந்தத் தம்பி வந்தாலும் அதுக்கு இவளுக்கு எதுக்கு வேர்க்கணும்?"

அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் தையல் போட்ட இடத்தை அமுக்கிக்கொண்டு, "எம்மா, சிரிக்க வைக்காதம்மா, வலிக்கு" என்று அழுதேன். அன்றையிலிருந்து டம்பிங்குக்கு எங்கள் வீட்டில் பெயர் தம்பி.

முதல் இரண்டு வாரம் தண்ணீராக இருப்பதைத்தான் குடிக்கலாம். அம்மா நோன்பு மாதம் இல்லாமலே நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். அதை வெள்ளைத் துணியில் வடிகட்டி, பிழிந்து, மறுபடியும் வடிகட்டினாள். பட்டை கிராம்பு வாசம் மட்டும் தெரிகிற தண்ணீர். இருமல் மருந்து மூடியில் ஊற்றிக் கொடுப்பாள். நான்கு மூடி குடிக்க ஒரு மணி நேரம் ஆகும். துணியில் மிஞ்சிய கஞ்சியை அவள் குடித்துவிடுவாள். "சோத்த எறிஞ்சா வீட்டுல பரக்கத் போயிரும்" என்பாள். பரக்கத் என்றால் வீட்டில் தங்குகிற நிறைவு.

சோறு ஆரம்பித்தபோது ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும் என்றார்கள். எனக்கு மென்று பழக்கமில்லை. விழுங்கித்தான் பழக்கம். அம்மா என் எதிரே, ஓதும்போது எண்ணுகிற தஸ்பீஹ் மணி மாலையை எடுத்துக்கொண்டு உட்காருவாள். நான் ஒரு தடவை மென்றால் ஒரு மணியைத் தள்ளுவாள். அதில் முப்பத்து மூன்று மணிகள். "மூணு கூடுதலா இருக்கட்டும், ஒண்ணும் கொறஞ்சு போவாது" என்பாள். அவள் உதடு அசையும். எண்ணுகிறாளா ஓதுகிறாளா என்று நான் கேட்டதில்லை.

தம்பி முதன்முதலில் வந்தது குற்றாலத்தில். ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு மாதம் இருக்கும். நல்ல சீசன். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் குறைந்திருந்தேன். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் இடித்துப் பிடித்துக்கொண்டு குளித்தோம். முன்னெல்லாம் நான் போனால் விலகி நிற்பார்கள். அன்று எல்லோரையும் போல என்னையும் முழங்கையால் தள்ளினார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அருவியில் குளித்தால் பசிக்கும் என்பார்கள். எனக்குப் பசி வரவில்லை, பசி இருந்த ஞாபகம் மட்டும் வந்தது. ஒரு கடையில் நேந்திரம்பழ பஜ்ஜி சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா வேண்டாம் என்று சொல்வதற்குள் பாதியை நான் விழுங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. வெளியே சாரல். எல்லோரும் ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் நெற்றியிலிருந்து வேர்வை வழிகிறது. நெஞ்சு தறி மாதிரி அடிக்கிறது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, தம்பி வந்துட்டான்!" என்று கத்தினாள். "தம்பிதாம்ட்டி! அந்தப் பொண்ணு சொன்னாள்ளா!"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "தம்பி எங்கம்மா? அவனுக்கும் டிக்கெட் எடுக்கணும்லா?"

"அவன் இவ வயித்துக்குள்ள இருக்கான் அண்ணாச்சி" என்றாள் அம்மா. பஸ்ஸே என் வயிற்றைப் பார்த்தது. ஒரு அக்கா எழுந்து, "வயித்துப் புள்ளக்காரி, இங்கன உக்காரும்மா" என்று ஜன்னலோர சீட்டைக் கொடுத்தாள். மயக்கத்திலும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தென்காசி வந்து இறங்குவதற்குள் தம்பி போய்விட்டான்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தான். டீயில் சீனி கூடினால் வருவான். அவசரமாகத் தின்றால் வருவான். நான் சுவரோரம் படுத்துக்கொள்வேன். அம்மா விசிறுவாள். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவான். பயமே போய்விட்டது. யாரோ சொந்தக்காரப் பையன் வந்துவிட்டுப் போவது மாதிரி ஆகிவிட்டது.

உடம்பு இறங்கிக்கொண்டே போனது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வெயிலிலும் குளிர்ந்தது. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கியது. பீடித் தட்டு மடியில் நிற்காமல் சரிந்தது. அத்தனை வருஷமும் அதை என் வயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஒரு தலையணையை என் மடியில் வைத்து அதன்மேல் தட்டை வைத்தாள். விருந்துகளில் என்னோடு சஹனில் உட்காரப் போட்டி வந்தது. "ஏட்டி, இங்கன வா, இங்கன வா" என்று முன்பு எலும்பு என்று சொன்னவளே கூப்பிட்டாள். நான் நான்கு வாய் சாப்பிடுவேன். என் பங்கு அவர்களுக்கு. நான் யாரையும் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

வீட்டில் என் பங்கு அம்மாவுக்கு. நான் தட்டைத் தள்ளி வைத்ததும் அவள் இழுத்துக்கொள்வாள். "ஒனக்குச் சர்க்கரை இருக்கும்மா" என்பேன். "ரெண்டு வாய்தானட்டி" என்பாள்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. பக்கத்தில் புது வீடு பால் காய்ச்சியிருந்தார்கள். அந்த வீட்டு அக்கா ஒரு தூக்குச்சட்டி நிறையப் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் ஒரு ஸ்பூன் தொட்டேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வீட்டுக்கு வந்தத எறிய முடியுமா" என்று கொஞ்சம் குடித்தாள். பிறகு கொஞ்சம். பத்து பத்தரை மணி இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் பீடி சுற்றிக்கொண்டிருந்தோம்.

அம்மா கையை நிறுத்திவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"என்னம்மா?"

"ஏட்டி, எனக்கும் தம்பி வந்துட்டான் போலருக்கு" என்றாள். "வேத்துக் கொட்டுது. வயித்தப் பெரட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். "பாயசத்தைக் குடிச்சேல்லா, அதான். படு. அரை மணி நேரத்துல போயிருவான்" என்றேன். அவள் எனக்குச் சொல்கிற அதே மாதிரி, அதே குரலில் சொல்லிக் காட்டினேன். அவள் என் தலையணையை எடுத்துக்கொண்டு சுவரோரம் படுத்தாள். நான் தட்டை மடியில் இடுக்கிக்கொண்டு சுற்றினேன்.

அரை மணி நேரம் கழித்து, "எம்மா, தம்பி போயிட்டானா?" என்று கேட்டேன்.

ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முன்னாலேயே முடிந்துவிட்டது என்றார்கள். "சர்க்கரை இருக்கிறவங்களுக்கு நெஞ்சுவலி வலியாத் தெரியாதும்மா. வேர்க்கும், புரட்டும், அவ்வளவுதான்" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். "உடனே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றும் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அண்ணனால் அன்றே வர முடியவில்லை. "எனக்காக வைக்க வேண்டாம்" என்று போனில் சொன்னான். அடக்கத்தைப் போனில்தான் பார்த்தான். யாரோ கையில் பிடித்திருந்த போனில் அவன் முகம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. "படுத்துருந்தா, அப்புடியே போயிட்டா" என்றுதான் சொன்னேன். "நல்ல மவுத்து, யாருக்குக் கெடைக்கும்" என்று வந்தவர்கள் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

சாப்பிடுவதுதான் பெரிய பாடாகிவிட்டது. சாச்சி, அதாவது அம்மாவின் தங்கச்சி, துணைக்கு வந்து தங்கினாள். அவள் வைக்கிற சோற்றில் பாதியாவது மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பார்த்தால் எனக்கு ஆகாது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத சோறு. அதனால் முழுவதையும் தின்று பார்த்தேன். எல்லாம் திரும்பி வந்தது. பிறகு தட்டில் போடவே வேண்டாம் என்று சத்துமாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் சாச்சி கடைக்குப் போயிருந்தபோது வேண்டுமென்றே நான்கு ஸ்பூன் சீனியை அள்ளித் தின்றேன். அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும் எனக்கு. வந்தான். சுவரோரம், அம்மா படுத்த அதே இடத்தில் படுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். முப்பத்தைந்து நிமிஷத்தில் போய்விட்டான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அண்ணன் வந்தான். பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதினார். ஆண்களுக்கு வெளியே பந்தலில் சஹன், பெண்களுக்கு உள்ளே. நான் சாச்சியோடும் இன்னும் இரண்டு பேரோடும் உட்கார்ந்தேன். அம்மா செய்கிற மாதிரியே என் விரல் கறித்துண்டைப் பக்கத்து ஆள் பக்கம் தள்ளியது. "என்னட்டி, எனக்கு ஊட்டிவிடுதியா?" என்றாள் சாச்சி. இரண்டு வாய்க்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில், அண்ணன் எனக்கென்று ஒரு தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு வந்தான். என் எதிரே உட்கார்ந்தான். சாச்சி பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லணும்."

என் கை நின்றுவிட்டது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவன் போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டான். அம்மாவின் குரல். பின்னால் குக்கர் சத்தம். "ஏலே, பொறவு பேசுதேன். தம்பி வந்துருக்கான். புள்ள வேத்துப்போயி உக்காந்துருக்கா. வைக்கேன்."

"இது மட்டும் இல்லட்டி. மூணு மெசேஜ்ல இருக்கு. நாப்பது நாளா இதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றான். "யாரு அந்தத் தம்பி? நான் கோவப்பட மாட்டேன். அம்மாவே வீட்டுக்குள்ள விட்டிருக்கான்னா நல்ல பயலாத்தான் இருப்பான். நம்ம ஆளுவதானா?"

எனக்கு அவன் கேட்பது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது நாளில் முதல் சிரிப்பு. அவன் முகம் சிவந்தது. "என்னத்துக்குச் சிரிக்க?" என்றான். ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டதையும், பஸ்ஸில் கண்டக்டர் கேட்டதையும் சொன்னேன். அவனும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் மனசுக்குள்ள நிக்காஹ் தேதி வரைக்கும் வந்துட்டேன்ட்டி. அவனுக்குக் கொடுக்க ஒரு வாட்சுகூட வாங்கிட்டு வந்துட்டேன்" என்றான்.

சிரிப்பு அடங்கும் முன்னால் சொன்னால்தான் உண்டு என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணே, கடைசியா அவன் வந்தது எனக்கு இல்ல" என்றேன்.

சொன்னேன். பாயசம், வேர்வை, அம்மா சொன்னது, நான் சொன்னது, அரை மணி நேரம், டாக்டர் சொன்னது. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அவ சிரிச்சாளா?" என்று கேட்டான்.

"சிரிச்சா."

"எப்புடி?"

"வாயப் பொத்திக்கிட்டு" என்றேன்.

"பொறவு?"

"படுத்தா. ஃபேனைக் கூட்டி வைன்னா. என் பீடியப் பாத்துட்டு, கட்டு லூசா இருக்கு, இறுக்கிக் கட்டுட்டின்னா. சாயந்தரம் ஒனக்குப் போன் பேசணும், அஞ்சு மணிக்கு எழுப்பிவிடுன்னா. பொறவு கண்ண மூடிட்டா."

"எனக்கா? அஞ்சு மணிக்கா?"

"ஆமா."

அவன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். "நீ ஒடனே ஆட்டோவக் கூப்பிட்டிருந்தா இருந்திருப்பாளோ என்னமோ. எனக்குத் தெரியலட்டி. ஒனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்றான். பிறகு, "எனக்கு அந்த அரை மணி நேரம் கெடைக்கல. இன்னொரு மட்டம் மொதல்லருந்து சொல்லு" என்றான்.

மறுபடியும் சொன்னேன். நாற்பது நாளாக நான் எந்த அரை மணி நேரத்தை மூடி வைத்திருந்தேனோ அதை அவன் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினான். எந்தச் சேலை, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், தலையணை உயரமாக இருந்ததா. கேட்டுக்கொண்டே என் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். நான் மூன்று வாய் சாப்பிட்டு வைத்திருந்த மீதிச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தான். யோசித்துச் செய்யவில்லை. பேசும்போது கை தானாகப் போனது. அவன் எல்லாவற்றையும் வழித்து, விரலை நக்கி முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நாள் இருந்தான். நானே சமைத்தேன். எனக்கு மூன்று ஸ்பூன், மீதி அவனுக்கும் சாச்சிக்கும். அம்மாவின் தஸ்பீஹை எடுத்து நானே ஒரு கையால் மணியைத் தள்ளிக்கொண்டு மென்றேன். கணக்கு அடிக்கடி தப்பியது. சாச்சிக்கு லேசாகத் தலை சுற்றினாலும் அண்ணன் எழுந்து நின்றுவிடுவான். வாங்கி வந்த வாட்சை என் கையில் கட்டிவிட்டான். ஆண்பிள்ளை வாட்சு. தொளதொளவென்று முழங்கை வரை போகிறது.

கிளம்புகிற அன்று காலையில் காரில் பையை வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டி, ஒனக்கு வந்தா அது தம்பி. அரை மணி நேரம் படு" என்றான். "வேற யாருக்கு வந்தாலும் ஆட்டோ. கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னேன். பக்கத்தில் நின்ற சாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தத் தம்பிட்டி வருதான்?" என்று கேட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய், உட்கார வைத்து, முதலிலிருந்து சொன்னேன்.